எண்பத்திரண்டு

தோ பாயோ வெளிவழிக்கு முன்னால்
முள் எழுந்து சிவப்பில் நின்றது.
என் வேனில் எஞ்சின் இருக்கைக்கு அடியில்;
வண்டிக்குக் காய்ச்சல் என்றால்
முதலில் தெரிவது எனக்குத்தான்.

பின்னால் நாற்பது மூட்டை ஹோட்டல் விரிப்புகள்,
யார் யாரோ தூங்கி எழுந்தவை.
ஓரம் கட்டி அணைத்தேன்.
ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவில்லை.
ஒரு முறை தொட்டதன் கணக்கு
இடது மணிக்கட்டில் இருக்கிறது.

காக்கி புக்கிட்டில் ஆ ஹுவாட்
குழாய்களைப் பிடித்துப் பார்த்தார்.
மேலே கொதி. கீழே பச்சைத்தண்ணீர்.
"தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு. கழட்டிப் போட்டுடலாம் லா,
இங்க என்ன பனியா பெய்யுது?
அதுவும் சிஓஇ பதினாலு மாசம்தான்.
பிறகு இரும்புக் கடை."

வேண்டாம் என்றேன்.
அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும்,
டீசல் கூடுதலாகக் குடிக்கும்,
எண்ணெயில் ஈரம் தங்கும்.
பதினாலு மாதமும் மாதம்தானே.

வடிகால் திருகைத் திறந்தார்.
வந்தது தேத்தண்ணீர் நிறம்.
எனக்கு முன் ஓட்டியவன்
ஐந்து வருடமாகக் குழாய்த் தண்ணீரே ஊற்றியிருக்கிறான்.
அலசி எடுக்க ஓர் இரவு வேண்டும் என்றார்.
பழையதையும் புதியதையும்
கைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

பன்னிரண்டாம் மாடி. பால் சட்டி.
இரண்டையும் நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன்,
அடியைத் தொடாமல்.
உள்ளே இருப்பது ஒரு சிமிழ் மெழுகு, அவ்வளவுதான்;
அது வீங்கினால் கதவு நகரும்.
பெருநாள் அல்வாவுக்கு வாங்கிய வெப்பமானியை
ஜபருல்லா பிடித்துக்கொண்டார்.
மார்ச்சில் கம்பெனி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
வந்ததிலிருந்து
எதைக் கையில் கொடுத்தாலும் பிடித்துக்கொள்வார்.

எழுபது. எழுபத்தெட்டு.
எண்பத்திரண்டில் புதியது
நகக்கண் அளவு திறந்தது,
யாரும் சொல்லாமல்.
பிறகு இன்னும் கொஞ்சம்.
பழையது
தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில்
வாய் மூடியே ஆடிக்கொண்டிருந்தது.

"இது நான்தான்," என்றார், சிரித்தபடி.
நான் சிரிக்கவில்லை.
அடுப்பை அணைத்தேன்.
இனி அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது
என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் விடியலில் அவரும் வந்தார், கூப்பிடாமலே.
புதிய ரப்பர் வளையம்.
வால்வின் சிறு ஆணி பன்னிரண்டு மணித் திசையில்.
ரோஜா நிறக் கூலண்ட் இரண்டு கேன்.
மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டுக்
குழாயைப் பிசைந்தேன்.
சிக்கிய காற்று
ஏப்பம் ஏப்பமாக வெளியே வந்தது.
மட்டம் இறங்கியது, ஊற்றினேன்,
இறங்கியது, ஊற்றினேன்.
ஆ ஹுவாட் காப்பி வாங்கப் போய்விட்டார்.

தரையில் சிந்தியதை
ஜபருல்லா மண்டியிட்டுத் துடைத்தார்.
இனிக்குமாம் அது. பூனை நக்கினால்
சிறுநீரகம் போய்விடும்.
பட்டறையின் குட்டை வால் பூனை
எட்ட நின்று
தனக்கு வரவேண்டியதை யாரோ எடுப்பதுபோல் பார்த்தது.
இரண்டாம் முறையும் துடைத்தார்,
துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார்.

பாயா லேபாரில் நெரிசல்.
முள் பாதிவரை ஏறி நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
நான் அதையே பார்த்தேன்,
அவர் அதையும் என்னையும் மாறி மாறி.

மூன்றாவது சிக்னலில் கேட்டார்:
"கூலண்ட் எவ்வளவு ஆச்சு?"

ஏழு மாதத்தில்
அவர் விலை கேட்ட முதல் பொருள்.

"நாற்பத்தாறு வெள்ளி."

"அதிகம்தான்," என்றார்,
கண்ணாடியை இறக்கிக்கொண்டே.
"வேற கடையில கேட்டிருக்கலாம்."